வெட்கமான உடம்புத் தொந்தரவு: வீட்டில் சொல்ல எந்த வழி தோது?

பிளஸ் ஒன் பையன் ஒருவன் காலை பிரேயரில் நிற்க முடியாமல் நெளிந்துகொண்டிருந்தான். கேட்டால் வயிற்றுவலி என்றான். வீட்டிலும் அதையேதான் சொல்லியிருக்கிறான். வாயுவாக இருக்கும் என்று அம்மா ஓமத்தண்ணீரும் பெருங்காயம் கரைத்த மோரும் கொடுத்து அனுப்பிவிட்டார். அவன் காலை அகட்டி அகட்டி வகுப்புக்கு நடந்துபோவதைப் பார்த்த பி.டி. சார், மரத்தடிக்குக் கூட்டிப்போய், “வலி வயித்துலயாடா, அதுக்குக் கீழயா?” என்று கேட்டார். பையன் அழுதுவிட்டான். ஒரு பக்கத்து விதை வீங்கி, துணி பட்டாலே உயிர் போகிற வலி. ஆரம்பித்தது விடிகாலை நாலு மணிக்கு. அப்போது மணி ஒன்பதரை.

விதைக்கு ரத்தம் கொண்டுபோகிற கொடி முறுக்கிக்கொள்வதால் வரும் வலி அது. 12 வயதிலிருந்து 18 வயதுக்குள்தான் அதிகம் வரும். ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து முறுக்கைப் பிரித்துவிட்டால் பெரும்பாலும் விதை பிழைத்துக்கொள்ளும். நேரம் ஆக ஆக வாய்ப்புக் குறையும். ஒரு நாள் கடந்துவிட்டால் பெரும்பாலும் எடுத்துவிட வேண்டியதுதான். சார் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பெற்றோர் வந்து கையெழுத்துப் போட்டு, பையனை உள்ளே கொண்டுபோனபோது பதினொன்றரை. மயிரிழையில் தப்பியது. அம்மா ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்: “என்கிட்ட சொல்றதுக்கு என்னடா?”

என்ன என்பது எனக்குத் தெரியும். அவனிடம் அதற்குச் சொல் இல்லை. நான் விலங்கியல் ஆசிரியை. இருபத்திரண்டு வருடமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்கு ‘மனித இனப்பெருக்கம்’ பாடம் எடுக்கிறேன். புத்தகத்தில் விந்தகம், அண்டகம் என்று அழகாக இருக்கும். பிள்ளைகளும் படம் வரைந்து பாகம் குறித்து மார்க் வாங்கிவிடுவார்கள். அதே பிள்ளை வீட்டுக்குப் போய் “அம்மா, விந்தகத்தில் வலி” என்று சொல்ல முடியுமா? ஊரில் புழங்குகிற சொல்லோ கெட்ட வார்த்தைக் கணக்கில் போய்விட்டது. மிச்சம் இருப்பது ‘அங்க’, ‘கீழ’, ‘அந்த எடத்துல’. பெண் வயதுக்கு வந்தால் மண்டபம் பிடித்து, தெருமுனையில் அவள் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைத்து ஊருக்கே சொல்கிறோம். அதே பெண்ணுக்கு இரண்டு வருடம் கழித்து வெள்ளைப்படுகிறது என்றால் பெற்ற தாயிடம் சொல்ல நாக்கு எழுவதில்லை. பையனுக்கு மண்டபமும் இல்லை, பேச்சும் இல்லை.

தைரியமாகச் சொல்லிவிடு என்று புத்தி சொல்வது சுலபம். தைரியம் என்ன கடையிலா கிடைக்கிறது? அதனால் வேறு மாதிரி யோசிப்போம். வீட்டில் சொல்ல நாலைந்து வழிகள் இருக்கின்றன. என்ன தொந்தரவு, எத்தனை நேரம் பொறுக்கும், வீட்டில் யார் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்து வழி மாறும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகத்தான் எழுதுகிறேன். பெரியவர்கள் எட்டிப் பார்த்தாலும் நஷ்டமில்லை.

முதலில் கடிகாரம்

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் தொந்தரவை நேரக் கணக்கில் வைத்துப் பாருங்கள். விதையில் திடீர் வலி, பின்னால் தள்ளிய முன்தோல் திரும்பி வராமல் வீங்கிக்கொள்வது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, மாதவிலக்கில் மணிக்கு ஒரு பேட் நனைந்து எழுந்தால் தலைசுற்றுவது, நீர்க்கடுப்போடு குளிர்ஜுரமும் விலாப்பக்க வலியும் சேர்ந்து வருவது ஆகியவற்றுக்கு வழி தேடவே நேரம் கிடையாது. ராத்திரி இரண்டு மணியானாலும் வீட்டில் யார் கைக்கு எட்டுகிறாரோ அவரை எழுப்ப வேண்டியதுதான். சொல் கிடைக்கவில்லையா, கையை வைத்துக் காட்டுங்கள். செத்துவிடலாமா என்கிற நினைப்பு வருவதும் இதே கணக்கில் சேர்ந்தது. அதற்கு 14416 என்கிற மனநல உதவி எண் இருக்கிறது, தமிழில் பேசலாம்.

இரண்டாவது வகை, ஒரு வாரத்துக்குள் டாக்டரிடம் போக வேண்டியவை: பிறப்புறுப்பில் அரிப்பு, தயிர் மாதிரியோ நாற்றத்தோடோ வெள்ளைப்படுதல், நீர்க்கடுப்பு, தொடை இடுக்கில் படர்தாமரை, மலத்தில் ரத்தம். இந்தக் கடைசித் தொந்தரவு உங்கள் வயதில் பெரும்பாலும் மலச்சிக்கலால் ஆசனவாயில் ஏற்படும் வெடிப்புதான். பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல், அடக்கிக்கொண்டே வீட்டுக்குப் போகிற பிள்ளைகளுக்கு நீர்க்கடுப்பும் இந்த வெடிப்பும் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். (எங்கள் பள்ளிக் கழிப்பறையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது. விடுங்கள்.)

மூன்றாவது, இந்த மாதத்துக்குள் போனால் போதும் என்கிற ரகம். பையன்களுக்கு மார்பு லேசாகப் பெண்பிள்ளை மாதிரி எழும்புவதை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டு மறைக்கிற பையன்களை வருடா வருடம் பார்க்கிறேன். பருவ வயதில் பாதிப் பையன்களுக்காவது இது வரும், பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் தானே அடங்கிவிடும். வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருடம் மாதவிலக்கு 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம். அதற்குமேல் தள்ளிப்போனாலோ, 15 வயதாகியும் முதல் மாதவிலக்கே வராவிட்டாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும். தூக்கத்தில் படுக்கையை நனைப்பதும் இந்த ரகம்தான். பதினாலு வயதிலும் அது உண்டு, மருத்துவமும் உண்டு.

கடைசி வகைக்கு மருத்துவமே தேவையில்லை. தூக்கத்தில் விந்து வெளியேறுவது, வாடையோ அரிப்போ இல்லாமல் கொஞ்சமாக வெள்ளைப்படுவது இரண்டுமே உடம்பு ஒழுங்காக வளர்கிறது என்பதற்கு அடையாளம். ஒரு சொட்டு விந்து இத்தனை சொட்டு ரத்தம் என்று கணக்குச் சொல்லிப் பயமுறுத்துவது நம் நாட்டில் வெகு பழைய வியாபாரம். விந்து போய்விட்டதால்தான் உடம்பு தளர்கிறது, படிப்பு ஏறவில்லை என்று இளைஞர்கள் தவித்து வருவதைப் பார்த்த மனநல மருத்துவர் என். என். விக், 1960-இலேயே அந்தத் தவிப்புக்கு ‘தாத் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்துவிட்டார். நோய் அந்தப் பயம்தான், விந்து போவதில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கே தெரியாமல்

பிள்ளைகள் முதலில் எடுக்கிற வழி இதுதான், அதனால் இதை முதலில் பேசிவிடலாம். இதில் மூன்று கிளைகள். மருந்துக்கடை, லேகியம், தனியாக ஆஸ்பத்திரி.

மருந்துக்கடைக்குப் போகிற பையனின் கதை எனக்கு மனப்பாடம். தொடை இடுக்கில் அரிப்பு. வட்டமாக, ஓரம் சிவந்து, நடு வெளுத்திருக்கும். கடையில் நாலு பேர் நிற்கிறார்கள். “அண்ணா, சொறிக்கு ஒரு ட்யூப்” என்கிறான். எங்கே சொறி என்று அண்ணனும் கேட்பதில்லை, இவனும் சொல்வதில்லை. கையில் வருவது பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு. இரண்டே நாளில் அரிப்பும் சிவப்பும் போய்விடும், பையனுக்குக் கடைக்காரர் தெய்வமாகிவிடுவார். ஆனால் பூஞ்சை சாகவில்லை. எதிர்க்கிற உடம்பைத்தான் ஸ்டீராய்டு அடக்கி வைத்திருக்கிறது. நிறுத்தியதும் இரண்டு மடங்காகக் கிளம்பி இடுப்புக்கும் புட்டத்துக்கும் பரவும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு மாதிரிக் கோடுகள் விழும். அந்தக் கோடுகள் போகவே போகாது. முகப்பருவுக்கும் ‘கலர் வரும்’ என்றும் பெண்பிள்ளைகள் வாங்கிப் போடுகிற சில களிம்புகளிலும் இதே சமாசாரம்தான். 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்கிற பட்டியலில் சேர்த்தது. சீட்டு கேட்கிற கடையை நீங்களே தேடிப் பாருங்கள். படர்தாமரைக்கு ஒழுங்கான மருத்துவம் வாரக்கணக்கில் நடக்கும். உள்ளாடையைத் தனியாகத் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும், வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து மருந்து வேண்டும். அதாவது வீட்டுக்குத் தெரியாமல் இது தீரவே தீராது.

லேகியத்துக்கு அதிகம் வார்த்தை செலவழிக்க விரும்பவில்லை. மாதம் இன்ன தேதி இன்ன லாட்ஜில் சந்திக்கலாம் என்று பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸும், செல்போனில் வரும் ‘ஆண்மை’ விளம்பரமும் ஒரே கடைச் சரக்கு. இல்லாத நோய்க்கு நிஜமான பணம் வாங்குவார்கள்.

தனியாக ஆஸ்பத்திரிக்குப் போவது இந்த மூன்றில் மரியாதையான வழி. 2014-இல் மத்திய அரசு தொடங்கிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டத்தின்படி 10 முதல் 19 வயதுள்ளவர்களுக்கென்று அரசு மருத்துவமனைகளில் ஆலோசனைப் பிரிவு வைத்திருக்கிறார்கள். சந்தேகம் கேட்க, பயம் தெளிய, என்ன செய்யலாம் என்று தெரிந்துகொள்ள நல்ல இடம். ஆனால் ஓ.பி. சீட்டு போடும்போதே “கூட யாரு வந்திருக்கா?” என்று கேட்பார்கள். 18 வயது ஆகாதவர்களுக்கு ஊசி, ஸ்கேன், ஆபரேஷன் என்று போனால் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் நகராது. எனவே இது வீட்டில் சொல்வதற்கு மாற்று ஆகாது. அப்புறம் என்ன சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொண்டு வருகிற இடமாக வைத்துக்கொள்ளலாம்.

ஆள் விட்டுச் சொல்வது

அம்மாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் சித்தியிடம், அத்தையிடம், பெரியம்மா பெண்ணிடம் சொல்லிச் சொல்லவைப்பது நம் வீடுகளில் காலங்காலமாக நடப்பதுதான். பலன் உண்டு. எப்படியும் அன்றைக்கே தகவல் போய்விடும். தகவல் எங்கெல்லாம் போகும் என்பதுதான் கேள்வி. ஒரு பெண் தனக்கு முகத்தில் முடி வளர்வதையும் மூன்று மாதமாக மாதவிலக்கு வராததையும் அத்தையிடம் சொன்னாள். அத்தை அம்மாவிடம் சொன்னார். கூடவே தன் சம்பந்தி வீட்டிலும் சொன்னார். கடைசியில் ஒரு கல்யாணப் பந்தியில், பாயசம் வாங்கிக்கொண்டிருந்தவளிடம் முன்பின் தெரியாத ஒரு பாட்டி, “நீர்க்கட்டியாமே கண்ணு? இனிப்பு சாப்பிடாதே” என்றாராம்.

அதனால் நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். நாளைக்கு உங்கள் கல்யாணப் பேச்சில் வாய் திறக்க உரிமையுள்ள யாரையும் தூது அனுப்ப வேண்டாம். மூத்த அக்கா விதிவிலக்கு. அவளுக்கும் அதே பிரச்சினை வந்திருக்கும்.

உறவுக்கு வெளியே நல்ல தூதர்கள் இருக்கிறார்கள். கிராமம் என்றால் கிராம சுகாதாரச் செவிலியர், நம்ம நர்சம்மா. புதுயுகம் திட்டத்து நாப்கின், இரும்புச்சத்து மாத்திரை என்று அவர் எப்படியும் வளர்ந்த பெண்பிள்ளைகளோடு பழகுகிறவர். அம்மாவிடம் அவர் வந்து பேசினால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. “உங்க பொண்ணுக்கு நீர்க்கடுப்பு இருக்கும் போல, நாளைக்கு பி.ஹெச்.சி.க்குக் கூட்டிட்டு வாங்க” என்று அவர் சொன்னால் அது அரசாங்க உத்தரவு மாதிரி. பள்ளிக்கு வருடத்துக்கு ஒருமுறை வருகிற மருத்துவக் குழுவும் அப்படித்தான். ஆனால் அங்கே எல்லோரையும் வரிசையில் நிறுத்தித்தான் பார்ப்பார்கள். முன்கூட்டியே ஒரு துண்டுச் சீட்டில் ‘தனியாகப் பேச வேண்டும்’ என்று எழுதி டாக்டர் கையில் கொடுத்துவிடுங்கள்.

ஆசிரியர்? என்னிடம் வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பியதில்லை. ஆனாலும் நிஜத்தைச் சொல்ல வேண்டும். ஆசிரியர் வீட்டுக்குப் போன் போட்டால் பெற்றோருக்கு முதலில் வருவது கவலை அல்ல, ‘ஸ்கூல்ல என்ன பண்ணித் தொலைச்சா?’ என்கிற கோபம். அதை ஆற்றவே பாதிப் பேச்சு போய்விடும்.

ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்கிறேன். யாராவது தொட்டதால், கட்டாயப்படுத்தியதால் வந்த தொந்தரவு என்றால் அது வெட்கக் கணக்கே இல்லை. 1098-ஐக் கூப்பிடுங்கள், அது குழந்தைகளுக்கான உதவி எண். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ளவரிடம் பாலியல் அத்துமீறல் நடந்தது தெரிந்தால் டாக்டரானாலும் ஆசிரியரானாலும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ரகசியமாக வைத்துக்கொள்வேன் என்று அவர்களால் வாக்குக் கொடுக்க முடியாது. அது தெரிந்தே பேசுங்கள், ஆனால் பேசுங்கள்.

எழுதிக் கொடுப்பது

நேரில் வராத சொல் கையில் வரும். முகத்தைப் பார்க்க வேண்டாம், நடுவில் குறுக்கே பேச மாட்டார்கள், அழுகை வந்தாலும் எழுத்து அழாது. வாட்ஸ்அப் எளிது, ஆனால் வீட்டுச் செல்போன் யார் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தம்பி அதில் கேம் விளையாடிக்கொண்டிருப்பான், நீங்கள் அனுப்பியது திரையின் மேலே வந்து விழும். வாய்ஸ் மெசேஜ் அனுப்பவே வேண்டாம். நம் அம்மாக்களுக்கு அதை ஸ்பீக்கரில் போடாமல் கேட்கத் தெரியாது. காகிதம் நல்லது.

எழுதும்போது வரலாறு வேண்டாம். என்ன, எத்தனை நாளாக, என்ன வேண்டும், யாருக்குத் தெரியக்கூடாது. நாலே வரி:

“அம்மா, ஒரு வாரமா ஒண்ணுக்குப் போற எடத்துல அரிப்பா இருக்கு. தயிர் மாதிரி வெள்ளையும் படுது. நேர்ல சொல்ல வெக்கமா இருக்கு. லேடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறியா? அப்பாகிட்ட இப்போ சொல்லாத. பயப்படாத, தப்பா எதுவும் நடக்கல.”

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பதினைந்து வயதுப் பெண் ‘டாக்டரைப் பார்க்கணும்’ என்றதும் நம் ஊர் அம்மாக்களின் மனசு நேரே எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். மனசு அங்கே போய் நின்றுவிட்டால் அரிப்பைப் பற்றிப் பேச்சே வராது, விசாரணைதான் வரும்.

எழுத்து வழியில் நான் கண்ட கெட்டிக்காரத்தனம் ஒரு பத்தாம் வகுப்புப் பெண்ணுடையது. அம்மா இல்லாத வீடு. அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர், அதிகம் பேசாத ஆள். வாராவாரம் மளிகைச் சீட்டு எழுதிக் கொடுப்பது இவள் வேலை. மாதவிலக்கு பத்துப் பன்னிரண்டு நாள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அந்த வாரச் சீட்டில் துவரம்பருப்பு அரை கிலோ, கடுகு நூறு, துணி சோப்பு இரண்டு, பேட் பெருசு மூணு பாக்கெட் என்று எழுதிக்கொண்டே வந்து, கடைசி வரியில் ‘லேடி டாக்டர், எனக்கு’ என்று எழுதிவிட்டாள். ராத்திரி அவர் பையை வைத்துவிட்டு, வாங்கிய சாமான்களைச் சீட்டில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். கடைசி வரியை அடிக்கவில்லை. “நாளைக்குக் காலைல எட்டு மணிக்குக் கிளம்பு. மொதல்ல போனா கூட்டம் இருக்காது” என்றார். அவ்வளவுதான் பேச்சு. ரத்தப் பரிசோதனையில் ரத்தசோகை கண்டுபிடித்து மருந்து ஆரம்பித்தார்கள். அந்தச் சீட்டை அவள் இன்னும் வைத்திருக்கிறாள்.

எழுத்தின் குறை ஒன்றுண்டு. வாசித்தாரா இல்லையா என்று தெரியாமல் நாள் ஓடும். சீட்டை அடுப்படியில் டீத்தூள் டப்பாவுக்கு அடியில் வைத்தால் காலையிலேயே கண்ணில் படும். ஒரு நாள் காத்திருந்தும் பதில் இல்லையென்றால், “படிச்சியாம்மா?” என்கிற ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் தெம்பு வேண்டியிருக்கும்.

நேரே சொல்வது

வேகத்தில் இதற்கு ஈடு கிடையாது. கஷ்டமும் இதில்தான் அதிகம். அந்தக் கஷ்டத்தில் பாதி, முகத்துக்கு முகம் பார்ப்பதால் வருவது. ஆகவே முகம் பார்க்க முடியாத இடமாகத் தேர்ந்தெடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துவிடும்போது நீங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள், அவர் பின்னால். இரண்டு பேர் கண்ணும் சந்திக்காது, அவர் கையில் உங்கள் தலைமுடி இருப்பதால் எழுந்து ஓடவும் முடியாது. பையன்களுக்கு அப்பாவின் பைக் பின்சீட். ஹெல்மெட்டுக்குள் அவர் முகம் எப்படிப் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. சாப்பிடும் நேரம் வேண்டாம், சீரியல் நேரம் வேண்டாம், மார்க் ஷீட்டில் கையெழுத்து வாங்குகிற நாள் வேண்டவே வேண்டாம்.

அம்மாவிடமா அப்பாவிடமா? பெண் அம்மாவிடம், பையன் அப்பாவிடம் என்பது வழக்கம். நான் பார்த்த வரையில் பையன்களின் பேச்சுக்கும் அம்மாதான் நன்றாகக் காது கொடுக்கிறார். அப்பாக்கள் ‘இந்த வயசுல அப்படித்தான்டா’ என்று முடித்துவிடுகிறார்கள், அவர்களுக்கும் யாரும் ஒன்றும் சொல்லித் தந்ததில்லை. அந்த மளிகைச் சீட்டு அப்பா மாதிரி ஆட்களும் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். உங்கள் வீட்டை உங்களுக்குத்தான் தெரியும்.

பாதி சொல்வது

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், ஒரு வாரம் தாங்கும் தொந்தரவுகளுக்கு நான் கைகாட்டுவது இந்த வழியைத்தான். வீட்டில் முழுசாகச் சொல்ல வேண்டியதில்லை. “எனக்கு உடம்புல ஒரு தொந்தரவு. ஒங்கிட்ட சொல்லக் கூச்சமா இருக்கு. டாக்டர்கிட்ட நானே சொல்லிக்கிறேன். கூட்டிட்டு மட்டும் போ. தப்பா எதுவும் இல்ல.” இதில் பொய் இல்லை. ‘வயிற்றுவலி’ என்று சொல்லி அழைத்துப்போகச் செய்வதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வயிற்றுவலி என்று போனால் டாக்டர் வயிற்றைத்தான் அமுக்கிப் பார்ப்பார், அல்சர் மாத்திரை எழுதுவார், நீங்கள் வாயைத் திறக்காமல் திரும்பி வருவீர்கள். அப்படி மூன்று மாதம் அல்சர் மாத்திரை சாப்பிட்ட பிள்ளையை எனக்குத் தெரியும்.

டாக்டர் அறைக்குள் போனதும் அம்மாவும் கூடவே வந்து உட்கார்ந்து, “சொல்லு, டாக்டர் கேக்கறாங்கல்ல?” என்பார். அங்கேதான் வழி அடைபடும். அதனால் உள்ளே போகும் முன்பே அங்குள்ள நர்ஸிடம், “நான் டாக்டர்கிட்ட அஞ்சு நிமிஷம் தனியா பேசணும்” என்று சொல்லி வையுங்கள். பருவ வயதுப் பிள்ளைகளோடு தனியாகக் கொஞ்சம் பேசுவது நல்ல டாக்டர்களுக்குப் பழக்கமானதுதான், பெரும்பாலும் அவர்களே அம்மாவை வெளியே அனுப்பிவிடுவார்கள். தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தால் நர்ஸோ அம்மாவோ கூட இருக்கலாம், நீங்கள் கேட்கலாம். என்னவென்று டாக்டரே அம்மாவிடம் சொல்லட்டும். ‘பூஞ்சைத் தொற்று, ரெண்டு வாரம் மருந்து, பரீட்சை சமயத்துல எல்லாருக்கும் வர்றதுதான்’ என்று வெள்ளைக் கோட்டிலிருந்து வரும்போது அம்மாவுக்கும் அது சாதாரணமாகிவிடும். சொல் கிடைக்காத பிள்ளைக்கு டாக்டர் சொல் கொடுத்துவிடுகிறார். அடுத்த முறை அம்மாவிடமே ‘அந்தத் தொற்று மறுபடி வந்திருக்கு’ என்று சொல்லிவிடலாம்.

இந்த வழி எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது. என்ன என்று தெரியாமல் ஒரு ராத்திரி கூடத் தூங்க முடியாத அம்மாவிடம் பாதி சொல்வது கொடுமை. அவருக்கு அந்த நாலு வரிச் சீட்டே மேல்.

எட்டிப் பார்க்கும் பெரியவர்களுக்கு இரண்டு வார்த்தை. பிள்ளை வந்து சொல்லும்போது “ஏன் முன்னாடியே சொல்லல?” என்பதை மட்டும் விழுங்கிவிடுங்கள். “எத்தனை நாளா?” என்று கேளுங்கள். டாக்டரும் அதைத்தான் கேட்பார். அப்புறம், அன்றைக்கே செல்போனை எடுத்துத் தங்கச்சிக்குப் போட வேண்டாம்.

சொல்லியும் கேட்கவில்லை என்றால்? ‘வயசுக்கு வந்தா அப்படித்தான் வலிக்கும், நானும் பொறுத்துக்கல?’ என்று தள்ளிவிடுகிற வீடுகள் நிறைய. போன வருடம் எங்கள் பள்ளிப் பெண் ஒருத்தி மாதாமாதம் மாதவிலக்கு வலியில் வாந்தி எடுத்து இரண்டு நாள் லீவு போடுவாள். அம்மாவிடம் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள், மூன்று தடவையும் இதே பதில். நான்காவது தடவை அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து 104-க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண் அது, காசு கிடையாது. எதிர்முனையில் பேசிய டாக்டரம்மா, எத்தனை நாள் போகிறது, எத்தனை பேட், வாந்தி எப்போது என்று வரிசையாகக் கேட்டார். பள்ளிக்கே போக முடியாத அளவு வலி என்றால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, நேரில் காட்டி மருந்து வாங்குங்கள் என்று அம்மாவிடமே சொன்னார். அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டுச் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்புறம் மகளிடம், “அந்த ஸ்பீக்கரை எப்படி அணைக்கறது?” என்று கேட்டார். அணைத்துக் கொடுத்ததும் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, “நீ கொஞ்சம் வெளிய போ. நான் ஒண்ணு கேக்கணும்” என்றார்.